ஷட்டரை இறக்கச் சொன்னது நான்

“எவ்ளோ படிச்சாலும் நாளைக்கு எங்கிட்டதான் எரு கொட்ட வருவ, பாரு பாப்பா.”

நாராயணப்பா மேஸ்திரி இதைச் சொன்னபோது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஓசூருக்கு வெளியே அவர் மேற்பார்த்த ரோஜாத் தோட்டத்தில் அம்மா கூலி வேலை செய்தாள். அங்கே ரோஜா திறந்த வெளியில் வளர்வதில்லை. பிளாஸ்டிக் தாள் போர்த்திய பெரிய குடில்களுக்குள் வளர்கிறது. அம்மா மறந்துவிட்டுப் போன சோற்று டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன். எருக்கூடையைத் தாண்டும்போது துப்பட்டாவைச் சற்றுத் தூக்கிப் பிடித்தேன் போலிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காகக் கீழே வந்தவர்கள். டிப்ளமோ முடித்ததும் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலையில் வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமைகூட அந்த அட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன்.

நோயைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் வந்த நோய் ஒரு பூஞ்சையால் வந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது பூஞ்சையால் அல்ல.

அப்பா ஒரு கிரானைட் பாலிஷ் தொழிற்சாலைக்கு வாட்ச்மேன். தொழிற்சாலை மூடி ஏழெட்டு வருடம் ஆகிறது. மிஷின்களை எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு தகர ஷெட், காய்ந்த கல்மாவுக் குட்டை, பின்பக்கச் சுவரை ஒட்டி அடர்ந்து போன மூங்கில் புதர். வருடா வருடம் மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தப் புதருக்குச் சோளக்குருவிகள் வரும். சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். கறுப்புத் தலை, வெளிறிய ரோஜா நிற உடம்பு. எங்கிருந்தோ பல தேசம் தாண்டி வந்து, பகலெல்லாம் ராகிக் காட்டில் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் புகைபோலத் திரண்டு மூங்கிலில் இறங்கும். அந்த இரைச்சலில் அப்பாவால் போன் பேச முடியாது. வெயில் காலம் தொடங்கும்போது போய்விடும். போன பின், புதரின் அடியில் எச்சம் மட்டும் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். பல வருடத்து எச்சம், மண்ணோடு கலந்து கறுத்துப்போனது.

“சும்மா கெடக்குது. ரோசாவுக்கு நல்ல எரு ஆவாதா?” என்று அப்பாதான் கேட்டார். அம்மா போய் மேஸ்திரியிடம் கேட்டாள். கட்டி இல்லாமல் சலித்துக் கொடுத்தால் மூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.

போன மே மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடந்தது. அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். போனதோடு நிற்கவில்லை. அம்மா வைத்திருந்த மணல் சல்லடை பெருங்கண் கொண்டது. கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த நைசான கம்பிவலையைக் கேட்டு வாங்கி வந்து மரச்சட்டத்தில் அடித்துக் கொடுத்தேன். ஈரமாக இருந்தால் வலை அடைத்துக்கொள்ளும் என்று, அள்ளி வந்த எருவை இரண்டு நாள் காயப்போடச் சொன்னேன். சலித்தது கோதுமை மாவுபோல விழுந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “பாத்தியா, ஒரு கட்டி இல்ல” என்று அம்மாவிடம் காட்டினேன்.

ஷெட்டின் முன்பக்கம் மெயின் ரோட்டைப் பார்த்தது. காற்று உள்ளே வந்து மாவைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

“நல்லதெல்லாம் காத்துல போவுதே பாப்பா” என்றாள் அம்மா.

“அப்பா, ஷட்டர எறக்கிடுங்க” என்றேன்.

அப்பா வெளியே நின்று இறக்கினார். எரு வீணாகக் கூடாதென்று நான் சொன்னதாகவே அவர்கள் இருவரும் நினைத்தார்கள். பாதிக் காரணம் அது. மீதிக் காரணம், ஞாயிறு ஷிப்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ் அந்த ரோட்டில்தான் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஷெட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்.

தகரக் கூரைக்கு அடியில், மே மாத வெயிலில், ஷட்டரை இறக்கிவிட்டு நானும் அம்மாவும் மூன்று ஞாயிறு எரு சலித்தோம். கூரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு வெயில் கம்பம் இறங்கி நிற்கும். அந்தக் கம்பத்துக்குள் தூசி அடங்கவே அடங்காது. அழகாகக்கூட இருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். நான் கம்பெனியில் கொடுத்த துணி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, புழுக்கம் தாங்காமல் பாதி நேரம் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தேன்.

ஜூன் நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வரும்; விளக்கு வைக்கும் நேரத்தில் வேர்த்துக் கொட்டி இறங்கும். வறட்டு இருமல். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் உளி வைத்ததுபோல ஓர் இடத்தில் பிடித்தது. கம்பெனி வாசலிலிருந்து என் மேஜைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டு வாரத்தில் இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை.

ஓசூரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகை வாரி இறைத்ததுபோலப் பொட்டுப் பொட்டாக இருந்தது.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“கம்பெனியில குவாலிட்டி, சார்.”

“தூசி, சிமென்ட், கோழிப் பண்ணை, இந்த மாதிரி எடத்துல எதாவது வேலை செஞ்சீங்களா?”

அம்மா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். “சார், போன மாசம் நாங்க ரெண்டு பேரும் எரு…” என்று ஆரம்பித்தாள்.

“அம்மா, நீ சும்மா இரு” என்றேன். டாக்டரைப் பார்த்து, “இல்ல சார். ஏசி ரூம்லதான் வேலை” என்றேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். படித்த பிள்ளைக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அவள் நினைத்திருப்பாள். டாக்டரின் அறையில், ஆங்கிலத்தில் எழுதிய சீட்டுகளுக்கு முன்னால், அவள் எப்போதும் என்னைத்தான் நம்புவாள். வங்கியிலும் அப்படித்தான், ரேஷன் கடையிலும் அப்படித்தான்.

காசநோயாக இருக்கலாம் என்றார்கள். சளியை இரண்டு முறை சோதித்தார்கள். கிருமி தென்படவில்லை. சில பேருக்குச் சளியில் தெரியாமலும் இருக்கும், படம் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை தொடங்கினார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் கொடுத்த விவரத்தை வைத்துக்கொண்டு வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மாத்திரை இலவசம். தினமும் வெறும் வயிற்றில் போட வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

கம்பெனியில் குணமான பிறகு வரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தினாள். அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க மறுத்தாள்.

“ஒட்டிக்கும்மா.”

“ஒட்டுனா ஒட்டட்டும். ஒம் எச்சில் எனக்குப் புதுசா?”

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். காய்ச்சல் நின்றபாடில்லை. எடை இன்னும் நான்கு கிலோ இறங்கியது. கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்க முடியாமல் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அப்பா அன்றே ஒரு வேன் பிடித்து எல்லையைத் தாண்டிப் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியின் வேலை காத்திருப்பது. ரத்தம் கொடுக்க வரிசை, ஸ்கேனுக்கு வரிசை, ஸ்கேன் படத்துக்கு வரிசை. சுற்றிலும் கன்னடம், தெலுங்கு, இந்தி. அம்மாவுக்கு மூன்று மொழியும் பேச்சளவில் வரும். எழுதத்தான் எதுவும் தெரியாது. வந்த இரண்டாம் நாளே வார்டில் பாதிப் பேருக்கு என்ன நோய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மல்லம்மா என்ற நர்ஸ் எங்கள் படுக்கையைத் தாண்டும்போதெல்லாம் நின்று, “ஊட்டா ஆய்தா?” என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். என்னைக் கேட்க மாட்டார், அம்மாவைத்தான் கேட்பார். கூட இருப்பவர்கள் சாப்பிட மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அங்கே நுரையீரல் டாக்டர் வயதானவர். பெங்களூரில் நெடுங்காலம் இருந்ததால் அவருடைய தமிழில் கன்னட இழுவை இருந்தது. முதல் நாளும் கேட்டார், மூன்றாம் நாளும் கேட்டார்.

“பறவை, வவ்வாலு, பழைய கட்டடம், குகை… எங்கேயாவது போனயாம்மா?”

“இல்ல சார்.”

இரண்டு முறையும் அதே பதில்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது எனக்கே புரியவில்லை. உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் டாக்டருக்குப் பின்னால் என் வயதுப் பெண்கள் வெள்ளைக் கோட்டுடன் நோட்டில் எழுதிக்கொண்டு நின்றார்கள். என் கேஸ் ஷீட்டில் வேலை என்ற இடத்தில் ‘குவாலிட்டி இன்ஸ்பெக்டர்’ என்று இருந்தது. அது அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எருவுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னை நானே சமாதானமும் செய்துகொண்டேன்.

நான்காம் நாள், ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தண்ணீர் பிடித்து வருவதாக எழுந்து போனாள். குழாய் திருப்பத்தில் இருந்தது. ஆளைப் பார்க்க முடியாது. அங்கிருந்து இருமல் சத்தம் கேட்டது. துணியில் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற சத்தம். குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று, பிறகு மூச்சை இழுக்க முடியாமல் ஒரு நிறுத்தம்.

அது என் இருமல். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எனக்குத் தெரியும். அதுதான் என் வேலை.

திரும்பி வந்தவளின் கையைப் பிடித்தேன். கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. இரண்டு மாதமாக என் எடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கவே இல்லை.

“எங்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?” என்றேன்.

“ஒங்கிட்ட இருந்து எங்க? ஒனக்கு முன்னாடியே எனக்கு இருக்குது. ஷெட்டுல சலிச்ச மாசத்துலருந்தே இருக்குது.”

“ஏம்மா சொல்லல?”

“நீதான சும்மா இருன்ன.”

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கம்பெனியில் இரண்டு பாகங்களில் ஒரே குறை வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் எந்த மிஷினைத் தாண்டி வந்தன என்றுதான் கேட்போம். எனக்கும் அம்மாவுக்கும் பொதுவான மிஷின் ஒன்றே ஒன்றுதான். ஷட்டர் இறக்கிய அந்த ஷெட்.

மறுநாள் காலை டாக்டர் மாணவர்களோடு வந்தபோது எழுந்து உட்கார்ந்தேன்.

“சார், நான் பொய் சொல்லிட்டேன். மே மாசம் நானும் அம்மாவும் எரு சலிச்சோம். குருவி எச்சம். மூடின ஷெட்டுல.”

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள். கேலியாக இல்லை. டாக்டர் நோயாளியின் கட்டிலில் உட்கார மாட்டார், அன்று உட்கார்ந்தார்.

“எத்தனை நாள்? ஈரமாவா, காய்ஞ்சதா? ஒங்க ரெண்டு பேரைத் தவிர வேற யார்?”

எல்லாவற்றையும் சொன்னேன். சல்லடைக் கண்ணின் அளவைக்கூடச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் திட்டவில்லை. “இதை ஜூன்லயே சொல்லியிருந்தா ஒன் கழுத்துல கட்டி வந்திருக்காதும்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு மூச்சை இழுத்துவிடச் சொல்லி, முதுகில் குழலை வைத்து, ஒரே இடத்தில் மூன்று முறை கேட்டார்.

அன்று மாலை என் கழுத்து நெறியிலிருந்து ஊசியால் திசு எடுத்தார்கள். சாயம் ஏற்றிப் பார்த்தபோது நுரையீரலைக் காக்க வேண்டிய அணுக்களின் வயிற்றுக்குள்ளேயே சின்னச் சின்ன வட்டங்களாகப் பூஞ்சை உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ஹிஸ்டோபிளாஸ்மா. நோய்க்கு ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்று பெயர்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்தப் பூஞ்சை மண்ணில் வாழ்வது. பறவை எச்சமும் வவ்வால் எச்சமும் சேர்ந்து ஊறிய மண் அதற்கு நல்ல தீனி. பறவைக்கு இதனால் பெரும்பாலும் காய்ச்சல் எதுவும் வராது. காலிலும் இறகிலும் ஒட்டிக்கொண்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகலாம். எங்கள் மூங்கிலுக்கு அதைச் சோளக்குருவிதான் கொண்டுவந்ததா, மண்ணிலேயே இருந்த பூஞ்சைக்குக் குருவி தீனி மட்டும் போட்டதா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கிளறாமல் கிடந்தால் அது அங்கேயே கிடக்கும். காய்ந்ததைக் கிளறினால் கண்ணுக்குத் தெரியாத விதைகள்போல எழும்பி மூச்சோடு உள்ளே போகும். கொஞ்சம் போனால் பல பேருக்கு ஒன்றும் ஆகாது. நிறையப் போனால் திடகாத்திரமானவர்களும் படுத்துவிடுவார்கள். எக்ஸ்ரேயில் காசநோய் மாதிரியே இருக்கும். ஒரு விஷயம் மட்டும் ஆறுதல்: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அம்மா என் தட்டைத் தனியாக வைக்காதது சரிதான்.

“இந்தக் கண்ணு சின்ன சல்லடை யாரோட யோசனை?” என்று அவர் கேட்டார். கட்டி கட்டியாகப் போட்டிருந்தால் இவ்வளவு தூசி எழும்பியிருக்காது என்பதற்காகக் கேட்டார். என்னுடையது என்றேன்.

மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆம்போடெரிசின் என்று பெயர். ஏற ஆரம்பித்த அரை மணியில் உடம்பு தூக்கிப் போடும். பல் அடித்துக்கொள்ளும். மல்லம்மா முன்கூட்டியே இரண்டு கம்பளியும், கடித்துக்கொள்ள ஒரு மடித்த துணியும் வைத்துவிடுவார். மூன்றாவது நாளிலிருந்து காய்ச்சல் மத்தியானம் மூன்று மணிக்கு வர மறந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலானது, ஐந்தானது, வரவில்லை. அழுதேன். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் பல மாதம் விழுங்க வேண்டிய கேப்சூல் கையில் இருந்தது.

என் படுக்கையிலிருந்து நான் எழுந்த அதே வாரத்தில் இரண்டு கட்டில் தள்ளி அம்மா படுத்தாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவளுடைய நுரையீரலில் பூஞ்சை என்னுடையதைவிட ஆழமாகப் போயிருந்தது. மேல்பக்கத்தில் குழி விழுந்திருந்தது. மருந்து ஏற்றினால் பூஞ்சை அடங்கும், சிறுநீரகம் நோகும். நிறுத்தினால் சிறுநீரகம் தெளியும், பூஞ்சை எழும்பும். தினமும் விடியற்காலையில் ரத்தம் எடுத்துப் போவார்கள். கிரியேட்டினின் என்று ஓர் எண் வரும். சிறுநீரகம் எவ்வளவு நோகிறது என்று சொல்லும் எண். அது ஏறினால் அன்று மருந்து இல்லை. இறங்கினால் உண்டு. ஒரு மாதமாக எங்கள் வாழ்க்கை அந்த எண்ணில்தான் நிற்கிறது. நான்கு நாள் ஏற்றினார்கள், மூன்று நாள் நிறுத்தினார்கள், மறுபடி ஏற்றினார்கள். சிறுநீரகத்தை அதிகம் பாதிக்காத வகை ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றியும் பார்க்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு அப்பா ஊரில் மிச்சமிருந்த கொல்லைக் காட்டை விற்றுவிட்டார். எங்களிடம் யோசனை கேட்கவில்லை.

அப்பாவின் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஷட்டருக்கு வெளியே நின்றவர் அவர். அந்தச் செய்தியைக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்று விட்டு ஒரு நாள் பஸ் ஏறி, ராகிக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து, அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். போகும்போது மட்டும் அவளுடைய கால் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கி விடுவார்.

“ஏய்யா, நர்ஸம்மா பாக்குது” என்பாள் அம்மா.

“பாக்கட்டும்.”

நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஷட்டர் விஷயத்தை, பஸ் விஷயத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸா?” என்றாள். “எரு வீணாப் போவக்கூடாதுன்னுதான் நெனச்சேன்.” மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக் கேட்டாள்: “மிச்ச மூட்டைய என்னா பண்ணாங்க?”

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் சலித்த எரு எங்கேயும் போய்விடவில்லை.

மறுநாளே தோட்டத்துக்குப் போனேன். எங்கள் மூட்டைகளில் பெரும்பங்கு ரோஜாப் பாத்திகளில் கலந்தாயிற்று. ஜூலையில், மழைக்குப் பயந்து குடிலின் பக்கத் திரைகளை இறக்கிவிட்டு, மேஸ்திரி கூட நிற்க, ஐந்து பெண்கள் கையால் கலந்திருக்கிறார்கள். அதில் லட்சுமியக்கா ஒரு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மூட்டை எல்லை தாண்டி ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போயிருக்கிறது. பதினோரு மூட்டை ஒரு மூலையில் அடுக்கியிருந்தது. அதில் ஒன்று கிழிந்து, மாவுபோல ஒரு கோடு தரையில் ஓடியிருந்தது. ஒரு கட்டி இல்லை.

மேஸ்திரி வந்தார். சட்டை அவருக்கும் தொளதொளவென்று இருந்தது.

“என்னா பாப்பா, எருவப் பாக்க வந்தியா?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“ஆமாங்க மேஸ்திரி. இத சலிச்சது நான். இதுலதான் எங்க ரெண்டு பேருக்கும் நோய் வந்துது” என்றேன், பெண்கள் எல்லோரும் கேட்கும்படி. வாய் திறந்து அதைச் சொல்ல ஊசி ஏற்றிய நாட்களைவிடத் தெம்பு தேவைப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, தள்ளி நின்று குழாய்த் தண்ணீரைத் தூவலாக அடித்து, தூசி எழாமல் மூட்டைகளை நனைத்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் யாரும் வரவில்லை. நாற்றுப் பண்ணைக்காரர் முதல் முறை போனை எடுத்தார். இரண்டாம் முறை எடுக்கவில்லை.

போன வாரம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியதும், களிப் பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே சொன்னார்: “வந்துட்டுதுங்க. நேத்து சாயங்காலம். போன வருசத்த விட அதிகம்.” மூங்கில் புதர் மறுபடி நிறைந்துவிட்டது. ஷெட்டின் கூரையிலும் உட்காருகின்றனவாம். கூரையில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும்.

இதை ஓசூர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை அம்மாவின் எண் கொஞ்சம் இறங்கியிருப்பதாக மல்லம்மா போன் செய்தார். அதனால் மருந்து உண்டு. அப்பா பக்கத்தில் இருக்கிறார். எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் தோட்டத்துப் பெண்கள் ஐந்து பேர். கடைசியில் நாராயணப்பா மேஸ்திரி. எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதித் தர வேண்டும். பெயர், வயது, ஊர், வேலை. என் சீட்டை முதலில் எழுதினேன். வேலை என்ற இடத்தில் ‘குருவி எரு சலித்தது’ என்று எழுதினேன். பிறகு பெண்களுடையதை ஒவ்வொன்றாக எழுதிப் படித்துக் காட்டினேன்.

மேஸ்திரியின் முறை வந்தபோது அவர் என் பக்கம் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாப்பா, எனக்கு எருன்னு போட்டுடாத. சூப்பர்வைசர்னு போடு.”

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் அந்தக் குரலில்தான் நான் டாக்டர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

“போடறேங்க” என்றேன். சூப்பர்வைசர் என்று எழுதினேன். அதற்குக் கீழே, டாக்டரின் கண்ணில் முதலில் படுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், ‘காய்ந்த குருவி எரு, மூடிய குடில், ஜூலை’ என்று எழுதினேன். அதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். சீட்டை வாங்கிக்கொள்ள அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஏழு சீட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், ஜன்னலுக்குள் நானே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.